மைனஸ் இருபதில் ஒரு கச்சேரி

ஏரியில் அறுத்தெடுத்த ஐஸ்கட்டிதான் வாத்தியம். பௌர்ணமி நிலவும் சில எல்.ஈ.டி விளக்குகளும்தான் வெளிச்சம். கம்பளிக்குள் புதைந்த ரசிகர்கள் கையுறையோடு கைதட்டுகிறார்கள். நார்வே மலையில் நடக்கும் பனிக்கட்டி இசை விழாவைப் பற்றி…

ஐஸ் வாத்தியங்களை வாசிக்கும் நார்வேக் கலைஞர் டெர்யே இசுங்செட்டின் கச்சேரிக்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானியை. மைனஸ் பதினைந்து, மைனஸ் இருபது என்று காட்டினால் நல்ல சேதி. மைனஸ் இரண்டு என்றால் வாசிக்கலாம், ஆனால் நாதம் மந்தமாக இருக்கும். பூஜ்யத்தைத் தாண்டிவிட்டால் கச்சேரிக்கு வேலையில்லை. மேடையில் வாத்தியங்கள் சொட்டிக்கொண்டிருக்கும்.

ஆஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் ரயில் பாதையில், பாதி வழியில், கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர் யெய்லோ. பனிச்சறுக்குக்குப் பேர்போன இடம். இசுங்செட் 1964-ல் பிறந்தது இங்கேதான். அடிப்படையில் அவர் டிரம்ஸ் கலைஞர். ஜாஸும் தெரியும், நார்வேயின் கிராமிய இசையும் தெரியும். ஆனால் கடையில் வாங்கிய டிரம்ஸோடு அவருக்கு மனசு நிறையவில்லை. பிர்ச் மரக் கட்டை, கருங்கல், சிலேட்டுக் கல், ஆட்டுக் கழுத்து மணி என்று கையில் கிடைப்பதையெல்லாம் தட்டிப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவரை 1999-ல் லில்லேஹாமருக்குக் கூப்பிட்டார்கள். 1994 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர் அது. உறைந்துபோன ஓர் அருவிக்குள் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அருவிக்குள் போன மனிதர் அருவியையே தட்டிப் பார்க்காமல் விடுவாரா? கல்லுக்கும் மரத்துக்கும் இல்லாத ஒரு நாதம் அதில் இருந்தது. அன்று பிடித்த கிறுக்கு இன்றுவரை விடவில்லை.

அடுத்து சுவீடனின் வடகோடியில், யுக்காஸ்யார்வியில், டோர்னே ஆற்றின் ஐஸைக் கொண்டு வருடா வருடம் கட்டப்படும் ஐஸ் ஹோட்டலுக்குப் போனார். அந்த ஆற்று ஐஸில் செய்த வாத்தியங்களோடு பதிவுசெய்த ‘ஐஸ்மேன் இஸ்’ ஆல்பம் 2002-ல் வந்தது. ஃபின்லாந்தின் ஈரோ ஹார்லா ஐஸ் ஹார்ப் வாசித்தார், நார்வேயின் ஆர்வே ஹென்ரிக்சன் ட்ரம்பெட் ஊதினார். 2006-ல் சொந்த ஊரான யெய்லோவில் விழாவே தொடங்கிவிட்டது. மேடை, சுவர், இருக்கை எல்லாம் பனியும் ஐஸும்தான். பெர்கனில் கலையும் வடிவமைப்பும் படிக்கிற மாணவர்கள் வந்து கட்டிக்கொடுத்ததும் உண்டு.

இதில் ஒரு வாத்தியம் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். உறைந்த ஏரியின்மேல் நின்று, மரம் அறுக்கிற மோட்டார் ரம்பத்தால் கட்டிகளை அறுத்தெடுக்கிறார்கள். எல்லாக் கட்டியும் பாடாது. ஏரி மேலிருந்து கீழ்நோக்கி மெதுவாக உறையும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றையும் உப்பையும் கீழே தள்ளிக்கொண்டே போகும். அப்படி நிதானமாக உறைந்த ஐஸ் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். மேலே விழுந்த பனி நனைந்து உறைந்த அடுக்கு வெள்ளையாக, உள்ளே குமிழிகளோடு இருக்கும். தட்டினால் ‘தொப்’ என்று அடங்கிவிடும். குளிர்பெட்டித் தட்டில் குழாய்த் தண்ணீரை ஊற்றி எடுக்கும் நம் வீட்டு ஐஸ் இன்னும் மோசம். நான்கு பக்கமும் அவசரமாக உறைந்து காற்றை நடுவில் சிறைவைத்துவிடும்.

தேறிய கட்டியைச் சட்டங்களாக அறுத்து, மரச் சட்டங்களைத் தட்டி வாசிக்கும் மரிம்பா போல அடுக்கினால் அது ‘ஐஸோஃபோன்’. சட்டத்தின் நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும். அடியில் நடுப்பகுதியைச் சுரண்டினால் இறங்கும். அதிகமாகச் சுரண்டிவிட்டால் மரத்தில் என்றால் சட்டம் போச்சு. இங்கே கொஞ்சம் தண்ணீரைத் தடவி உறையவிட்டால் சதை வளர்ந்துவிடுகிறது. நமக்கு ஜலதரங்கம் தெரியும். கிண்ணத்தில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்ப்பார்கள், ஆனால் பாடுவது பீங்கான்தான். இங்கே கிண்ணம் இல்லை, தண்ணீரே எழுந்து நின்று பாடுகிறது.

நீண்ட கட்டியைக் குடைந்தால் கொம்பு. ஊதும் வாய்ப்பகுதியும் ஐஸ். உதடு ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்கத் தோன்றும். மைனஸ் இருபதில் உண்மையில் பயப்பட வேண்டியது பித்தளை ட்ரம்பெட்டுக்குத்தான். உலோகம் வெப்பத்தை மளமளவென்று உறிஞ்சிவிடுவதால் உதட்டு ஈரம் அந்த இடத்திலேயே உறைந்து பிடித்துக்கொள்ளும். ஐஸ் அந்த அளவுக்கு வெப்பத்தைக் கடத்தாது. ஆனால் அதற்கு வேறொரு தொல்லை. ஊதுகிறவரின் மூச்சு முப்பது டிகிரிக்கு மேலே சூடு. ஒவ்வொரு முறை ஊதும்போதும் கொம்பின் உட்சுவர் இம்மி இம்மியாகக் கரைந்து, மூச்சை நிறுத்தினதும் மறுபடி உறைகிறது. முதல் உருப்படியில் இருந்த கொம்பு கடைசி உருப்படியில் அதே கொம்பு இல்லை.

ஹார்ப்புக்கு உடல் ஐஸ், தந்தி உலோகம். ஐஸின் சத்தம் பெரியதல்ல என்பதால் தொட்டு ஒட்டும் மைக்குகள் வேண்டும். ஒலிப்பொறியாளர் பாடு தனி. குளிரில் மைக் வயர்கள் விறைத்துக் குச்சியாகிவிடும், பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

ஐஸ் ஏன் பாடுகிறது என்பதற்கு வருவோம். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 330 மீட்டர் ஓடும். ஐஸுக்குள் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். அவ்வளவு விறைப்பான பொருள் அது. நல்ல குளிரில் அதன் படிகங்கள் இறுகி நிற்பதால் தட்டின அதிர்வு நெடுநேரம் நிற்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க உள்ளுராய்வு கூடி, அதிர்வைத் தானே தின்றுவிடும். மைனஸ் இரண்டில் நாதம் மந்தமாவதற்குக் காரணம் இதுதான். வெப்பநிலைக்கு ஏற்பச் சுருதியும் நழுவும். ஆகவே இசுங்செட்டின் உருப்படிகளில் கறாரான ஸ்வர அமைப்பைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நிறைய இடம் விட்டு, இருக்கிற நாதத்தைக் கேட்டுக் கேட்டுக் கட்டிக்கொண்டு போகிற இசை. தாளக்கட்டுதான் அதைச் சேர்த்துப் பிடிக்கிறது. குரலும் அடிக்கடி கூடச் சேர்கிறது. எனக்கு ஐஸோஃபோனைவிடக் கொம்புதான் பிடிக்கிறது. பதிவில் கேட்டாலும், அது யாரோ செய்த வாத்தியத்திலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. ஏதோ மிருகம் கூப்பிடுகிறது.

ஏரி தானாகவே பாடுவதும் உண்டு. உறைந்த ஏரிப் பரப்பில் விரிசல் விடும்போது ‘பியூ… பியூ…’ என்று விண்வெளித் துப்பாக்கி சுடுகிற சத்தம் தொலைவில் நிற்பவருக்குக் கேட்கும். விரிசலில் பிறக்கும் ஒலியில் மேல் ஸ்தாயி அலைகள் ஐஸ் தகட்டின் வழியே வேகமாக ஓடி முதலில் வந்துவிடும், கீழ் ஸ்தாயி அலைகள் பின்னால் வந்து சேரும். அதனால் ஒரே ‘டக்’ சத்தம் வழியிலேயே இழுபட்டுச் சறுக்கி இறங்குகிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் துப்பாக்கிச் சத்தத்தை உருவாக்கிய பென் பர்ட், ரேடியோ கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைத் தட்டித்தான் அதைப் பிடித்தார். கம்பியில் நடப்பதும் இதே சங்கதிதான். இதில் ஒரு வேடிக்கை. யெய்லோவில் பல வருடம் நடந்த விழா பிற்பாடு ஃபின்சேக்கு நகர்ந்தது. நார்வே ரயில்வேயின் மிக உயரமான நிலையம் அது, 1,222 மீட்டர். கார் போகும் சாலை கிடையாது, ரயிலை விட்டால் பனிச்சறுக்குதான். 1979-ல் அதே ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தின் பனிக்கிரகக் காட்சிகளை எடுத்தது ஃபின்சேக்கு மேலே இருக்கும் ஹார்டாங்கர்யோகுலன் பனியாற்றில். துப்பாக்கிச் சத்தத்தை நிஜமாகவே பாடுகிற ஐஸ் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது.

இனி வெளிச்சம். இந்த விழாவின் படங்களைப் பார்த்தவர்கள் முதலில் மயங்குவது நிறத்தில்தான். உள்ளிருந்து நீலமாக ஒளிரும் ஹார்ப், ஆரஞ்சு ஒளி கசியும் கொம்பு. ஆனால் மேடை அமைப்பவருக்கு இங்கே ஒரு தலைவலி உண்டு. நாதத்துக்கு வேண்டியது குமிழியில்லாத தெளிந்த ஐஸ். அதற்குள் விளக்கைப் போட்டால் வெளிச்சம் தங்காமல் மறுபக்கம் போய்விடும். வாத்தியம் கண்ணுக்கே தெரியாது. வெளிச்சம் தங்குவதற்கு உள்ளே குமிழியோ விரிசலோ வேண்டும், அவற்றில் பட்டுச் சிதறினால்தான் ஒளிரும். நாதத்தைக் கெடுக்கிற அதே காற்றுத்தான் ஒளியைப் பிடித்து வைக்கிறது. ஒலிக்காரருக்குக் குறையானது ஒளிக்காரருக்கு மூலதனம். வெளித்தோலை மட்டும் ரம்பப் பல்லால் கீறி மங்கலாக்கினால் இருவருக்கும் பாதி பாதி கிடைக்கும். பின்சுவரை வெள்ளைப் பனியில் கட்டி, அதில் வெளிச்சத்தை விழவைத்து, வாத்தியத்தை அதன் முன்னால் நிறுத்துவது இன்னொரு வழி. நீலத்துக்கு வண்ணத் தாள்கூட அவ்வளவாகத் தேவையில்லை. ஐஸ் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும். தடிமன் கூடக்கூட மிஞ்சி வருவது நீலம்தான்.

எல்.ஈ.டி வராத காலத்தில் இந்த அலங்காரம் நடந்திருக்காது என்றே சொல்லலாம். நம் நாடக மேடைகளில் தொங்கிய ஆயிரம் வாட் பார் லைட்டை ஞாபகம் இருக்கிறதா? அதில் வெளிச்சமாக வந்தது சொற்பம், பாக்கியெல்லாம் சூடு. அதை ஐஸ் ஹார்ப்புக்கு நேராகப் பிடித்தால் உருப்படி முடிவதற்குள் ஹார்ப் முடிந்துவிடும். எல்.ஈ.டியின் சூடு முன்பக்கம் வராது, முதுகுப் பக்கம்தான் இறங்கும். போதாக்குறைக்கு, குளிரில் அது இன்னும் நன்றாகவே எரியும். அந்த மேடையில் குளிரை ரசித்து வேலைசெய்கிற ஒரே மின்சாதனம் அதுதான்.

விழாவுக்கு நாள் குறித்தது நமக்கு அந்நியமான முறையில் இல்லை. யெய்லோவில் நடந்த காலத்தில் வருடத்தின் முதல் பௌர்ணமியை ஒட்டித்தான் வைத்தார்கள். கார்த்திகைப் பௌர்ணமி, சித்ரா பௌர்ணமி என்று வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால் யெய்லோ இருப்பது வடக்கே அறுபதரை டிகிரியில். ஜனவரித் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏழு டிகிரிக்குமேல் ஏறுவதில்லை. மலை மறைத்தால் அதுவும் இல்லை. முழுநிலவோ சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருப்பதால் நடுநிசியில் ஐம்பது டிகிரி வரை ஏறி நிற்கும். பகலைவிட இரவில் வானத்தில் வெளிச்சம் உயரே இருக்கிற மாதம் அது. வெண்பனி நிலவொளியை அப்படியே திருப்பி அனுப்ப, விளக்கே இல்லாமல் நடக்கலாம்.

இன்னொரு கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது. மேகம் போர்வை. அது மூடிய இரவில் தரையின் சூடு தப்பிக்காது, நிலவும் தெரியாது. வானம் தெளிந்த இரவில் சூடெல்லாம் மேலே பறந்துவிடும். நிலவு தெரிகிற இரவுதான் வாத்தியம் நன்றாகப் பேசுகிற இரவு. ஒலிக்கும் ஒளிக்கும் ஐஸ் விஷயத்தில் இருந்த தகராறை வானம் தீர்த்துவைக்கிறது.

இந்தக் கலையில் இசுங்செட் தனி ஆள் இல்லை. டிம் லின்ஹார்ட் என்ற அமெரிக்கச் சிற்பி நேரெதிர் திசையில் போனார். அவருக்கு வேண்டியது கறாரான வயலினும் செல்லோவும். முதன்முதலில் மலைமேல் ஐஸில் பெரிய பாஸ் வயலின் ஒன்றைச் செய்து தந்தியை முறுக்கியபோது அது வெடித்துச் சிதறியது. சாதாரண வயலினிலேயே நான்கு தந்தியும் சேர்ந்து இழுக்கும் விசை இருபது கிலோவுக்கு மேல். மனிதர் சோர்ந்துவிடவில்லை. நொறுக்கிய பனியையும் தண்ணீரையும் குழைத்துச் சாந்தாக்கி, பூசிப் பூசி மெல்லிய ஓடு எழுப்பும் முறைக்கு வந்து சேர்ந்தார். சுவீடனின் லூலியோவில் பனிக்குடில் அரங்கம் கட்டி முழு வாத்தியக் குழுவையே உட்கார வைத்தார். பிறகு இத்தாலியின் பிரசேனா பனியாற்றில் 2,600 மீட்டர் உயரத்தில் ஐஸ் கூடம். அவருடைய பிரச்சினை ரசிகர்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர் ஏறத்தாழ நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு விடுகிறார். இருநூறு பேர் வந்தால் இருபது கிலோவாட் ஹீட்டர் ஒன்றை அரங்கத்தில் வைத்த மாதிரி. அதோடு மூச்சின் ஈரம் வேறு. அது வாத்தியத்தின்மேல் உறைபனியாகப் படிந்து எடையைக் கூட்டிச் சுருதியைத் தள்ளும். அதனால் கூரையில் புகைபோக்கி வைத்து ரசிகர்களின் சூட்டை வெளியே அனுப்புகிறார். கூட்டம் சேரச் சேர வித்வானுக்கு வயிற்றைக் கலக்குகிற கச்சேரி உலகில் வேறு எங்கும் இருக்குமா தெரியவில்லை.

பனிக்கட்டிக் கச்சேரியும் ஒருவகையில் ஒலி-ஒளிக் காட்சிதான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் நம் மனதில் வருவது மதுரைத் திருமலை நாயக்கர் மஹால். இருட்டில் தூண்கள் ஒவ்வொன்றாக ஒளிர, ஒலிபெருக்கியில் கதை ஓடும். அந்த வகைக்கு மூலம் பிரான்ஸ். 1952-ல் ஷாம்போர் கோட்டையில் பால் ராபர்-ஊதாங் நடத்தியதுதான் முதல் காட்சி. அங்கிருந்துதான் உலகத்துக் கோட்டைகளுக்கெல்லாம் பரவியது. குளிர்காலத் தெருவிழா என்று எடுத்துக்கொண்டால் அதே பிரான்ஸின் லியோன் நகரம். 1852 டிசம்பர் 8 அன்று குன்றின்மேல் மரியன்னை சிலை திறப்பு. புயல் வந்து விழா கெட்டுவிடும்போல இருந்தது. வானம் தெளிந்ததும் மக்கள் தாங்களாகவே ஜன்னல்தோறும் மெழுகுவத்தி ஏற்றினார்கள். இன்று அது நான்கு நாள் திருவிழா, ஏறத்தாழ இருபது லட்சம் பேர் திரள்கிறார்கள். தேவாலயச் சுவர்களில் ராட்சத புரொஜெக்டர்கள் படம் வரைகின்றன. 2015-ல் பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு அதையெல்லாம் நிறுத்தியபோது, ஜன்னல் விளக்குகளை மட்டும் ஏற்றினார்கள்.

அவற்றையும் இதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. லியோனின் புரொஜெக்டரை ஜூலை மாதத்தில் எரியவிட்டாலும் அதே படம் விழும். அங்கே குளிர் என்பது மக்கள் பொறுத்துக்கொள்வது, அவ்வளவே. பனிக்கட்டிக் கச்சேரியில் குளிர்தான் தச்சர், குளிர்தான் சுருதி சேர்ப்பவர், கச்சேரி உண்டா இல்லையா என்று சொல்லும் சபாச் செயலாளரும் அதுவே.

அந்தச் செயலாளரின் உடம்பு சரியில்லை. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று ஃபின்லாந்து வானிலை ஆய்வாளர்கள் 2022-ல் கணக்குக் காட்டினார்கள். பௌர்ணமி தவறாமல் வரும். அன்று குளிருமா என்பதற்குத்தான் உத்தரவாதம் குறைந்துகொண்டே வருகிறது. கலைஞர்களும் இதைப் பேசாமல் இல்லை. 2016-ல் இத்தாலியப் பியானோக் கலைஞர் லுதோவிகோ எய்னாவ்தி, ஸ்வால்பார்டின் வாலன்பெர்க் பனியாற்றுக்கு முன்னால் மிதக்கும் மேடையில் உட்கார்ந்து வாசித்தார். வாசிக்கும்போதே பின்னால் பனிச்சுவர் சரிந்து கடலில் விழுந்த காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. கிரீன்பீஸ் அமைப்பு ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது. 2019-ல் அதே அமைப்புக்காக இசுங்செட் குழுவும் ஆர்க்டிக் போய் ஐஸ் வாத்தியங்களை வாசித்தது. எய்னாவ்தியின் வீடியோவில் ஐஸ் பின்னணித் திரை. இசுங்செட்டிடம் அதுவே பேசுகிறது. பரபரப்பு எய்னாவ்திக்குத்தான் கிடைத்தது என்பது வேறு விஷயம்.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். வெளியூர்க் கச்சேரிகளுக்கு இசுங்செட் குழு போகும்போது ஐஸும் கூடப் போகிறது, குளிர்பதனப் பெட்டியில், மின்சாரம் செலவழித்து. சூடான அரங்கத்தில் பெட்டியிலிருந்து எடுத்து, வாசித்து, சொட்டுவதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஐஸை உலகுக்குக் கேட்கவைக்க வேறு வழியில்லை என்பது நியாயமான வாதம்தான். ஆனாலும் கூடத்துக்குள் ஸ்பாட் லைட்டில் நிற்கும் ஐஸ் ஹார்ப், கூண்டில் காட்டும் பிராணி மாதிரி எனக்கு உறுத்துகிறது. மலையில் விழா முடிந்ததும் வாத்தியங்களை அங்கேயே விட்டுவிடுவார்கள். இந்த உலகத்தில் ஸ்ட்ராடிவேரியஸ் போன்ற பழம்பெரும் வயலின் கிடையாது. பரம்பரைச் சொத்து, ஏலம், இன்ஷூரன்ஸ் எதுவும் கிடையாது. அடுத்த வருடம் ரம்பத்தை எடுத்துக்கொண்டு மறுபடி ஏரிக்குப் போக வேண்டியதுதான்.

போய்க் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு: விழா நடக்கும் ஊர் காலப்போக்கில் மாறி வந்திருக்கிறது, ஆகவே அந்த வருட இடத்தை உறுதிசெய்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஆஸ்லோ–பெர்கன் ரயிலில் பகல் நேர வண்டியைப் பிடியுங்கள். 1909-ல் திறந்த அந்தப் பாதைக்காகவே போகிறவர்கள் உண்டு. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்த்தால் நனைந்து குளிரை உள்ளே இழுக்கும், கம்பளிதான் சரி. போனைச் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே எடுத்துக்கொண்டு நின்றால் பாதி உருப்படியில் அணைந்துபோகும். கைதட்டுவதற்காகக் கையுறையைக் கழற்றாதீர்கள். அங்கே யாரும் கழற்றுவதில்லை.